"எத்தனை நாளில் முடியும்?"



வீடு கட்டத் தொடங்கினால் மேசனிடம் நாம் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். 1941இல் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களிலும் இதே கேள்விதான். ஜேர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் பிந்தினால் பிரித்தானியாவுக்கு உணவும் ஆயுதமும் பிந்தும்.

முதலாவது லிபர்ட்டி கப்பலான 'பட்ரிக் ஹென்றி'யைக் கட்டி முடிக்கச் சுமார் 8 மாதங்கள் எடுத்தன. அந்தக் கணக்கையே அடுத்த கப்பல்களுக்கும் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். 1943 அளவில் ஒரு கப்பலுக்குச் சராசரியாக 6 வாரங்களே தேவைப்பட்டன. மொத்தம் 2,710 கப்பல்கள் கட்டப்பட்டன.

காரணம் என்ன? 1936இலேயே ரைட் என்ற பொறியியலாளர் விமானத் தொழிற்சாலையில் இதைக் கவனித்திருந்தார். செய்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒன்றுக்குத் தேவையான உழைப்பு சுமார் ஐந்திலொரு பங்கு குறைகிறது. முதலாவதுக்கு 100 மணித்தியாலம் என்றால் இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. கை பழகப் பழக நேரம் சுருங்குகிறது. கப்பலையே பார்த்திராத பெண்களும் ஆண்களும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து தேர்ந்தார்கள். ஆணியடிப்பதற்குப் பதிலாக வெல்டிங் வந்தது. பெரிய பெரிய பகுதிகளைத் தரையிலேயே செய்து, பாரந்தூக்கியால் தூக்கிப் பொருத்தினார்கள்.

1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் 'ரொபர்ட் ஈ. பியரி' 4 நாட்கள் 15 மணித்தியாலங்களில் நீரில் இறக்கப்பட்டது. உலகமே வியந்தது. ஆனால் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பொருத்திய நேரம் மட்டுமே. பகுதிகளை முன்கூட்டியே செய்துவைத்த உழைப்பு அந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு கணக்கும் விடுபட்டது. 1943 நவம்பரில் 'ஜோன் பி. கெயின்ஸ்' கடலில் இரண்டாக உடைந்து 10 பேர் இறந்தார்கள். வேறு பல கப்பல்களிலும் வெடிப்புகள். அவசரமான வெல்டிங்தான் காரணம் என்றே பலரும் சொன்னார்கள். குளிரில் அந்த உருக்கே நொறுங்கும் தன்மை அடைவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி காட்டினார். ஆணியடித்த தகடுகளில் வெடிப்பு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடலில் அது தடையின்றி ஓடியது.

அந்தக் கப்பல்கள் யுத்தத்தை வெல்ல உதவின, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் "எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்கும்போது, "எத்தனை நாள் நிற்கும்?" என்பதையும் நாம் சேர்த்தே கேட்போம்.