பீரோவில் இருக்கும் துப்பாக்கி

லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1878-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நம் மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. அதை ரிப்பன் பிரபு நான்கே ஆண்டுகளில் ரத்து செய்துவிட்டார். மற்றொன்று ஆயுதச் சட்டம். அது வந்த புதிதில் ஐரோப்பியர்களுக்கு உரிமம் தேவையில்லை. இந்தியன் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். காங்கிரஸ் இதைப் பலமுறை எதிர்த்தது. 1931 கராச்சி மாநாட்டுத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றே எழுதி வைத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு அந்தப் பேச்சு மெதுவாக அடங்கிவிட்டது.

எங்கள் சேலம் ஜில்லாவில் இந்தக் கதை 1878-க்கும் முந்தியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. பாளையக்காரர் போர் முடிந்த 1801-இல் தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் போட்டார்கள். 1805-இல் தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அதன்பின் சமவெளியில் துப்பாக்கி என்பது மிட்டா மிராசுகளின் வீட்டுப் பொருளாகச் சுருங்கிற்று. கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலைகளில் மட்டும் நாட்டுத் துப்பாக்கி தங்கிவிட்டது. உரிமம் இல்லாததை ஒப்படைத்துவிடுங்கள் என்று இன்றும் அங்கே போலீஸார் அவ்வப்போது அறிவிப்பு செய்கிறார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். 'ஃபூசி' என்றால் துப்பாக்கி என்று மனப்பாடம் செய்த பையனுக்குத் துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து சுற்றி வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. இன்று நாம் வைத்திருக்கும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே 1962 அக்டோபர் 1. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. குமாஸ்தா மூளைக்குத் தேதிகளை அடுக்கிப் பார்ப்பதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

கலெக்டர் ஆபீசில் சில காலம் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேஜைக்கு வந்தன. 'எஸ்.பி.எம்.எல்.' என்றால் ஒற்றைக்குழல், வாய்வழி மருந்து கெட்டிப்பது. 'டி.பி.பி.எல்.' என்றால் இரட்டைக்குழல், பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுவது. பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்றால் முன்னது. தற்காப்பு, வேட்டை என்றால் பின்னது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் வேட்டை என்ற காரணம் செத்துப்போயிற்று. பட்டா நிலம் எவ்வளவு, வழக்கு உண்டா, நடத்தை எப்படி என்று மணியகாரர், தாசில்தார், போலீஸ் என மூன்று அறிக்கை வரும். துப்பாக்கி எண், தோட்டாக் கணக்கு எல்லாம் பதிவாகும். அது வீட்டில் எங்கே இருக்கும், அந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று கேட்கும் கட்டம் மட்டும் நான் பார்த்த எந்தக் கோப்பிலும் இல்லை. ஆள் யோக்கியமானவரா என்று துருவித் துருவிக் கேட்ட சட்டம், பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று கேட்கவில்லை.

நாட்டுத் துப்பாக்கியில் ஒரு விசேஷம் உண்டு. கருமருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்துவிட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். அதனால் பல வீடுகளில் கெட்டித்தபடியே ஆசாரச் சுவரில் தொங்கும். கேப்பை மட்டும் கழற்றித் தனியே முடிந்து வைப்பார்கள். அந்தச் சின்னக் கேப்புதான் அன்றைய பூட்டு. எடுத்துக் கொடுக்க ஒரே ஆள், அதுவும் வீட்டுப் பெரியவர். எழுதாத விதியானாலும் கூட்டுக்குடும்பத்தில் அது ஓரளவு நடந்தது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி, ரிக், கோழிப்பண்ணை, பைனான்ஸ் என்று பணம் புழங்கத் தொடங்கியதும் மனுக்கள் மாறின. கேட்பது ரிவால்வர், காரணம், ரொக்கம் கொண்டுபோகிறேன். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பலருக்கும் கௌரவச் சின்னமாயிற்று. சுவரில் தொங்கும் நீளக் குழல் எல்லார் கண்ணிலும் படும். ஐந்து வயதுப் பிள்ளையால் தூக்க முடியாது. ரிவால்வர் தலையணைக்கடியிலும் வேட்டி மடிப்பிலும் மறைகிறது. குழந்தையின் ஒரு விரலுக்குக் கெட்டியாக இருக்கும் விசை, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் நகர்ந்துவிடலாம். பிஸ்டல் இன்னும் மோசம். மேகசினைக் கழற்றியதும் காலி என்று நினைப்போம். குழலின் பின்னறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் 1989-லேயே குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்ட பெரியவரைக் குற்றவாளியாக்கச் சட்டம் போட்டது. பிரிட்டனில் போலீஸார் வீட்டுக்கே வந்து இரும்புப் பெட்டியைப் பார்க்கிறார்கள். இங்கே 2016 ஆயுத விதிகளில்தான் பாதுகாப்புப் பயிற்சியும், பத்திரமாக வைப்பது பற்றிய பொறுப்பும் உரிமத்தோடு சேர்ந்தன. 2019 திருத்தம் மூன்று துப்பாக்கி என்ற உச்சவரம்பை இரண்டாக்கியது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. உரிமம் பெற 21 வயது ஆக வேண்டும். பேரனுக்குக் காட்டவே அதை எடுக்கிற தாத்தாக்களைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

என் கட்சி இதுதான். வைத்திருப்பவர் சுடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வாங்கிய நாள் முதல் ஒரு தோட்டாகூட சுடாதவர்கள் ஏராளம். பம்புசெட் பக்கம் போய்ச் சுட்டுப் பார்ப்பது பயிற்சி அல்ல. அதற்கு அனுமதி பெற்ற ரைபிள் கிளப் இருக்கிறது. கை நடுங்கும் வயதில் அங்கேயும் போக முடியாதென்றால் அந்த ரிவால்வர் எதற்கு? வீட்டில் கையில் எடுத்தால் முதலில் உருளையைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி சாமி படத்துக்குப் பின்னால் என்றால் பேத்திக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர், போட்டியில் சுடுபவர் போன்றோருக்கு விலக்கு உண்டு. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கொடுப்பார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படிப் போன ரிவால்வர் திரும்பி வர இருந்த சமயம் பள்ளி விடுமுறை. பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். "இந்த ரெண்டு மாசம் நிம்மதியாத் தூங்கினேன் மாமா" என்றாராம் மருமகள். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வைத்திருந்தவர் காலமானால் வாரிசுகள் அதைப் பீரோவிலேயே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் கண்டது. உரிமம் அவரோடு முடிந்துவிடுகிறது. சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். முதலில் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். காலி செய்யத் தெரியாதவர்கள் அதைத் தொடாமல், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். உரிமப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.