மாந்தோப்பில் ஒன்பது பீரங்கிகள்

கேம் ஆடுகிற நண்பர்கள் யாரிடமாவது இந்தக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். பொழுது சாயும் நேரம். சாலையில் ஒரு படை களைத்துப்போய் நடந்து வருகிறது. வலப்பக்கத்து மாந்தோப்புக்குள்ளிருந்து திடீரென்று ஒன்பது பீரங்கிகள் சுடுகின்றன. ஒளிய இடமென்று இருப்பது இடப்பக்கத்து வாய்க்கால் மட்டும். "எந்த கேம்ல வர்ற மிஷன் மச்சி இது?" என்று கேட்பார்கள். இது எங்க ஊர். 1752 பிப்ரவரி, காவேரிப்பாக்கம்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு காவேரிப்பாக்கம் என்றால் ஏரி. மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் பெரிய ஏரி. அந்த ஏரிக்கரை ஊரில் நடந்த சண்டை, ஆற்காட்டு நவாப் பதவிக்காக நடந்த போரின் ஒரு பகுதி. முகமது அலி பக்கம் ஆங்கிலேயர். சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ் 380 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள், 6 பீரங்கிகளோடு வருகிறான். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் 400 பிரெஞ்சுக்காரர், 2,000 சிப்பாய்கள், 2,500 குதிரை வீரர்களோடு காத்திருக்கிறான்.

அடுத்து நடந்தது அசல் ஸ்டெல்த் மிஷன். நிலா வெளிச்சத்தில் வாய்க்காலுக்குள் மணிக்கணக்காகச் சண்டை. நேராக மோதினால் தோல்விதான் என்று தெரிந்ததும், சிம்மண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி தோப்பின் பின்பக்கம் உளவு பார்க்கப் போகிறான். வழியில் எதிரிச் சிப்பாய்கள் மடக்குகிறார்கள். சிம்மண்ட்ஸ் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். நம்ம ஆள்தான் என்று விட்டுவிடுகிறார்கள். தோப்பின் பின்புறம் காவலே இல்லை. எல்லோர் கண்ணும் சாலைமீது. அவன் திரும்பி வந்து ஒரு படைப்பிரிவை அதே வழியில் கூட்டிப்போகிறான். மிக அருகில் போய் ஒரே வேட்டு. பீரங்கிகளை விட்டுவிட்டு ஓடியவர்கள் அங்கிருந்த சத்திரத்துக்குள் முண்டியடித்துப் புகுந்தார்கள். துப்பாக்கியைத் தூக்கக்கூட இடமில்லாத நெரிசல். சரணடைந்தார்கள்.

இதை நாளைக்கே ஒரு ஸ்டூடியோ கேமாக எடுத்தால் நாம் யாராக ஆடுவோம்? கிளைவாக, இல்லையென்றால் சிம்மண்ட்ஸாக. 1,300 சிப்பாய்களில் ஒருவனாக ஆட விடமாட்டார்கள். என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

கேம் கதை சொல்வதற்கும் சினிமா கதை சொல்வதற்கும் அடிப்படையான வித்தியாசம் ஒன்று உண்டு. சினிமாவில் கதாநாயகனைப் பார்க்கிறோம். கேமில் முடிவெடுக்கும் அதிகாரம் நம் கைக்கு வருகிறது. அந்த அதிகாரம் யாருடையது என்பதில்தான் கேமின் அரசியல் இருக்கிறது. 2007இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3: தி ஏசியன் டைனஸ்டீஸ்' கேமில் 1857 கலகம் வருகிறது. கம்பெனிப் படையிலிருந்து கலகத்துக்கு மாறும் நானிப் சாகிர் என்ற கற்பனைப் பாத்திரம் அதில் நாயகன். நல்ல விஷயம்தான். ஆனால் அதே கேமில் மற்ற சிப்பாய்கள் பாசறையிலிருந்து கிளிக்குக்கு ஒருவராக வருகிறார்கள், சாகிறார்கள், இன்னொரு கிளிக் செய்கிறோம். கலகம் செய்தவனுக்குப் பெயர் உண்டு; வேலை செய்தவனுக்கு எண்ணிக்கை மட்டும்.

வரலாறும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்தப் போர் நடந்த காலத்தில் கிளைவின் படைக்கு வந்த ஒரு சிப்பாயின் பெயர் நமக்குத் தெரியும்: யூசுப் கான். மருதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். கம்பெனியை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். காவேரிப்பாக்கத்தில் ஆங்கிலேயர் பக்கம் செத்த 30 சிப்பாய்களும், எதிர்ப்பக்கம் செத்த 300 சிப்பாய்களும் எண்ணாகவே நின்றுவிட்டார்கள்.

கேம் துறைக்குள்ளேயே இதே சண்டை நடந்திருக்கிறது. அட்டாரி நிறுவனம் தன் கேம்களில் புரோகிராமர்களின் பெயரைப் போடாது. பெயரும் உரிய பங்கும் வேண்டுமென்று கேட்ட 4 பேர் வெளியேறி 1979இல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கேயே இருந்த வாரன் ராபினெட், 'அட்வெஞ்சர்' கேமில் யாருக்கும் தெரியாமல் ஓர் அறையைக் கட்டி அதற்குள் தன் பெயரை ஒளித்து வைத்தார். ஆடியவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நம்ம பக்கம் வருவோம். பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், 'ஃபோர்ஸா' வரிசை கேம்களுக்குக் கார்கள் செய்து கொடுத்த நிறுவனம். 2019இல் அதை ராக்ஸ்டார் வாங்கியது. கார் நம்ம ஆள் செய்தது, கேம் வெளியூர்க்காரனுடையது. எங்கள் பகுதியில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் அப்பர் தைக்கிறார்கள். அதன்மேல் விழும் முத்திரை ஐரோப்பாக்காரனுடையது. ஜாப் ஒர்க் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும். வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அதில் கைத்திறன் இருக்கிறது, வீட்டுக்குச் சோறு வருகிறது. எந்தக் கதையைச் சொல்வது என்ற முடிவு மட்டும் அங்கே வருவதில்லை.

அந்த முடிவு நம் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'வெண்பா' ஒரு உதாரணம். 2023இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட சின்ன கேம். கனடாவுக்குக் குடியேறிய தமிழ் அம்மாவாக இட்லி ஊற்றுகிறோம், அழிந்துபோன சமையல் குறிப்பைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். பிறகு மகன் கவினாக அதே நோட்டின் தமிழோடு மல்லுக்கட்டுகிறோம். துப்பாக்கியே இல்லாத இந்த கேமுக்கு, அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் கிடைத்தது. சமையலறையில் நிற்கிறவரின் கையில் முடிவைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

காவேரிப்பாக்கம் சண்டையிலும் அப்படி ஒரு கணம் இருக்கிறது. பின்பக்கம் போகும் பிரிவோடு கிளைவ் கொஞ்ச தூரம் போகிறான். திரும்பி வந்து பார்த்தால், விட்டுவந்தவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு இடத்தைக் காலி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். புத்தகங்கள் இதைக் கிளைவின் தலைமைக்குச் சான்றாகச் சொல்கின்றன: அவன் இல்லையென்றால் படை இல்லை.

எனக்கு அந்த வாய்க்காலுக்குள்ளிருந்து அந்த கேமை ஆட வேண்டும். இரண்டு நவாப்களில் யார் ஜெயித்தாலும் தன் நிலத்துக்கு வரி குறையாது என்று தெரிந்த ஒருவனாக. தோப்பில் பீரங்கி, தலைக்குமேல் நிலா, துரை போய்விட்டான். இப்போது என்ன செய்யலாம் என்று அந்த 1,300 பேரும் தங்களுக்குள் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் என்ன பேசியிருப்பார்கள்? அந்த உரையாடலை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. ஒரு கேம் எழுதலாம்.