சொந்தக் கட்டோடு வந்தவர்கள்

ரம்மி மேசையில் சீட்டுக்கட்டு எல்லாருக்கும் பொது. கலைத்துப் போட்டதில் கைக்கு வந்ததை வைத்து ஆட வேண்டியதுதான். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' இந்த ஏற்பாட்டையே மாற்றிவிட்டது. கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த சீட்டுகளில் வேண்டியதைப் பொறுக்கி, அவரவர் சொந்தக் கட்டோடு வந்து உட்காரலாம். ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் அவர் முதலில் கொண்டுபோனது ரோபோக்களை ஓடவிடும் ஒரு பலகை ஆட்டம். கையோடு எடுத்துப்போய்ச் சீக்கிரம் ஆடி முடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நிறுவனத்தின் தலைவர் பீட்டர் அட்கிசன் கேட்டதில் பிறந்ததுதான் மேஜிக்.

தொடக்க விதிகள் ரொம்பவே தாராளம். கட்டில் குறைந்தது 40 சீட்டு வேண்டும். ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஆளுக்கொரு சீட்டைப் பணயம் வைக்கும் வழக்கம்கூட விதிப்புத்தகத்தில் இருந்தது. 'பிளேக் ரேட்ஸ்' என்ற எலிச் சீட்டுக்கு, மேசையில் எத்தனை எலி இருக்கிறதோ அத்தனை பலம். எலியாகவே கட்டை நிரப்பியவரைத் தடுக்க விதி எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கட்டில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு. எடுப்பதில் பெரும்பாலானது எலிதானே!

1994-ல் போட்டி விதிகள் இறுகின. குறைந்தது 60 சீட்டு, ஒரே சீட்டு அதிகபட்சம் நான்கு. அதாவது, அமைப்பாளர்கள் அதிர்ஷ்டத்தை வேண்டுமென்றே உள்ளே விட்டார்கள். முதலில் கைக்கு வருவது ஏழு சீட்டு. நான்கு பிரதி வைத்திருக்கும் சீட்டில் ஒன்றாவது அந்த ஏழில் இருக்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம்தான். இதைவிடத் தலைவலி நிலச் சீட்டு. பெரும்பாலும் அதிலிருந்துதான் 'மானா' கிடைக்கும். மானா இல்லாமல் மற்ற சீட்டுகளில் பெரும்பாலானவற்றை இறக்க முடியாது. 60-ல் 24 நிலச் சீட்டு வைத்தால், ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை முதல் கையில் ஒரு நிலமோ, அதுவும் இல்லாமலோதான் வரும். ஆரம்பத்தில், கையில் நிலமே இல்லை அல்லது எல்லாமே நிலம் என்றால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கையையும் மாற்றலாம், ஆனால் ஒரு சீட்டுக் குறைவு என்ற விதி 1997-ல்தான் வந்தது.

விதி கொடுக்காத நிவாரணத்தைக் கட்டுக்குள்ளேயே தேடியவர்களும் உண்டு. 1996-ல் அட்லாண்டாவில், 'புரோ டூர்' என்ற தொழில்முறைப் போட்டிக்கு நடந்த தகுதிச் சுற்றில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்புக் கட்டோடு இரண்டாமிடம் பிடித்தார். 'அயர்ன்க்ளா ஆர்க்ஸ்', 'பிராஸ் மேன்' என்று அதில் இருந்தவை பலரும் சீந்தாத சீட்டுகள். அந்தக் கட்டுக்குப் பின்னால் இருந்த யோசனை ஜே ஷ்னைடருடையது. தன் முதல் முறை வரும்போது இறக்க இத்தனை மலிவுச் சீட்டு, இரண்டாவது முறைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு, ஒரு மானாகூட வீணாகாமல் செலவாகும்படி அடுக்கியிருந்தார். அபூர்வச் சீட்டுகளைக் காசு கொட்டி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது கசந்திருக்கும்.

அதே ஆண்டின் கோடைக்கு 'கறுப்புக் கோடை' என்றே பெயர். உயிர்ப்புள்ளியைக் கொடுத்துச் சீட்டு வாங்கும் 'நெக்ரோபொடன்ஸ்' 1995-ல் வெளிவந்தபோது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஓராண்டில் அந்தக் கறுப்புச் சீட்டுதான் போட்டிகளை ஆண்டது. அப்போது இரண்டே வழி: நாமும் அதையே எடுப்பது, அல்லது அதை வீழ்த்துவதற்கென்றே ஒரு கட்டைக் கட்டுவது.

1996 உலக சாம்பியன்ஷிப் போட்டிக்குச் சியாட்டில் பகுதிக்கு வந்த ஆஸ்திரேலியர் டாம் சான்ஃபெங் இரண்டாவது வழியில் போனார். அவருடையது வெள்ளைக் கட்டு; கறுப்புச் சீட்டுகளால் தீண்ட முடியாத வீரர்கள் அதில் இருந்தார்கள். கூடவே 'ஸ்லைட் ஆஃப் மைண்ட்' என்ற ஒரு நீலச் சீட்டு. அதை இறக்க நீல மானா வேண்டும். அதைத் தரும் 'அடார்க்கர் வேஸ்ட்ஸ்' நிலங்களைப் பட்டியலில் எழுத மறந்துவிட்டார். எழுதிக் கொடுத்த பட்டியல்தான் செல்லும் என்பது விதி. எனவே இறக்கவே முடியாத ஒரு சீட்டைக் கட்டில் சுமந்துகொண்டே ஆடி, இறுதியில் அமெரிக்கர் மார்க் ஜஸ்டிஸை வீழ்த்தினார். அவருக்காக ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிட்ட சிறப்புச் சீட்டு பரிசாகக் கிடைத்தது. கட்டு சரியாக வாய்த்தால் இப்படியொரு பிழையைக்கூடத் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கட்டே ஆட்டத்தை விழுங்கிய காலமும் வந்தது. 1998-99 குளிர்காலத்தில், எதிராளி அசைவதற்குள் ஆட்டத்தை முடிக்கும் கட்டுகள் பெருகின. காசு சுண்டுவது ஆட்டத்தின் தொடக்கம், கை மாற்றுவது நடுப்பகுதி, முதல் முறை ஆடுவதுதான் இறுதிக்கட்டம் என்று ஆட்டக்காரர்களே கேலி செய்தார்கள். 'டோலேரியன் அகாடமி' உள்ளிட்ட சீட்டுகளைத் தடைசெய்து நிறுவனம் நிலைமையைச் சமாளித்தது.

பிரஸ்ஸல்ஸில் நடந்த 2000 உலக சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் ஜான் ஃபிங்கலும் பாப் மேஹரும் மோதியபோது, இருவர் கட்டுக்கும் ஒரே ஒரு சீட்டுதான் வித்தியாசம். ஃபிங்கல் வென்றார். சீட்டு விழுந்த வாகு என்று சிலர் சொல்லியிருக்கலாம். ஓர் ஆட்டத்தை வைத்து அதை மறுக்கவும் முடியாது. ஆனால் 2008-ல் கோலாலம்பூரில் நடந்த புரோ டூர், வீட்டிலிருந்து கட்டே கொண்டுவர முடியாத வகை. பாக்கெட்டுகளை அங்கேயே பிரித்து, ஒவ்வொன்றாகச் சீட்டைத் தேர்ந்து, மீதியை அடுத்தவருக்குக் கைமாற்றி, கிடைத்ததில் கட்டு கட்டி ஆட வேண்டும். அதையும் வென்றவர் ஃபிங்கல்தான்.