உலகத்தில் ஒரே ஒரு பிரதி

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இசைப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது ஒரு வியாபாரக் கதையும்கூட.

சுவீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகம் 1477-ல் தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தை 1620-ல் ஏற்படுத்தியவர் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அச்சான இசைப் புத்தகங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. அதில் ஒன்று, 1556-ல் வெனிஸ் நகரில் ஜிரோலமோ ஸ்கோட்டோ வெளியிட்ட ஸ்பானியப் பாடல் தொகுப்பு. பாட்டு ஸ்பெயினுடையது, அச்சு இத்தாலியில், பிழைத்துக் கிடப்பதோ சுவீடனில்! நமக்குத் தெரிந்து இதற்கு வேறு பிரதியே கிடையாது.

அச்சில் வந்துவிட்டால் அழியாது என்றுதானே நினைக்கிறோம்? பிறகு ஏன் இப்படி?

1501-ல் இதே வெனிசில் ஒட்டாவியானோ பெட்ருச்சி பல குரல் இசையை அச்செழுத்துகள் கோத்து அச்சிட்டார். கோடுகளுக்கு ஒரு முறை, சுரக்குறிகளுக்கு ஒரு முறை என்று ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சில் ஏற்ற வேண்டும். பார்க்க அழகு, ஆனால் செலவு அதிகம். 1528 வாக்கில் பாரிசில் பியர் அத்தேஞான் வேறு வழியில் போனார். ஒவ்வோர் அச்செழுத்திலும் சுரக்குறியோடு கோட்டின் துண்டும் சேர்ந்தே இருக்கும். ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும். (உற்றுப் பார்த்தால் கோடுகள் நடுநடுவே விட்டுப்போயிருப்பது தெரியும்!) செலவு குறைந்தது, புத்தகங்கள் பெருகின.

ஆனால் இவை அலமாரியில் வைக்க வாங்கிய புத்தகங்கள் அல்ல, பாட வாங்கியவை. கைபட்டுக் கைபட்டுக் கிழிந்தன. அந்தக் காலத்தில் பல இசை நூல்களை ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகமாகப் போட்டார்கள். ஒன்று தொலைந்தால் மற்றவை அரைகுறை. பற்றுப் பக்கம் போன பேரேட்டை வைத்துக்கொண்டு ஐந்தொகை போடுவதுபோலத்தான்!

நம் தொகுப்பில் 54 பாடல்கள். அவற்றில் 12 கிறிஸ்துமஸ் பாடல்கள். தலைப்பிலேயே 'பல ஆசிரியர்கள்' என்று போட்டுவிட்டு, உள்ளே கோம்பேர் என்ற ஒரே ஒருவரின் பெயரைத்தான் தந்திருக்கிறார்கள். ரஃபேல் மித்ஹானா என்ற ஸ்பானிய இசை அறிஞர் 1909-ல் இதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அச்சாகி 350 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. இதிலுள்ள 'ரியு ரியு சியு' என்ற பாட்டை 1967-ல் 'தி மங்கீஸ்' குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியது. இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பல நாட்டுப் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன.

எங்கள் பாடத்தில், நகராத சரக்கு நஷ்டம் என்று சொல்லித் தருகிறார்கள். கடைக்கு அது சரி. நூலகத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? 'பல வருஷமாக யாரும் எடுக்கவில்லை' என்று அந்த ஒரு புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தால், அதோடு இந்தத் தொகுப்பே போயிருக்கும். போனது என்ன என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் ஊர் நூலகத்தில் தூசி படிந்த அலமாரி இருந்தால், ஒருமுறை எட்டிப் பாருங்களேன்.