பாறை என்று பெயர் சூடிய பாடற்குழு



'பெட்ரா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாறை என்று பொருள். மீனவரான சீமோனுக்கு ஆண்டவர் சூட்டிய பேதுரு என்ற பெயரும் இந்தச் சொல்லை ஒட்டியதே. இதே பெயரைத் தாங்கி அமெரிக்காவில் ஓர் இசைக்குழு 1972 முதல் 2005 வரை, 33 ஆண்டுகள் கிறிஸ்துவைப் பாடியது. அவர்கள் பாடியது ராக் இசை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கும் பாறை என்ற பொருள் உண்டு. நம் கத்தோலிக்கத் திருஅவைக்கு வெளியே, சகோதர சபைகளின் நடுவே எழுந்த குழுதான் இது. ஆனாலும் அவர்கள் வரலாற்றில் நமக்கும் பாடம் இருக்கிறது.

1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் வீட்டை வெறுத்துத் தெருவுக்கு வந்திருந்த இளைஞர்களில் பலர் இயேசுவிடம் திரும்பினார்கள். தங்களுக்குத் தெரிந்த கிட்டாரிலேயே அவரைப் பாடினார்கள். அந்த அலை பரவியபோது இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில், ஒரு கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளியில் பாப் ஹார்ட்மேன் என்ற கிட்டார் கலைஞர் மூன்று நண்பர்களுடன் பெட்ரா குழுவைத் தொடங்கினார். முதல் இசைத்தொகுப்பு 1974இல் வந்தது, அதிகம் விற்கவில்லை. அடுத்தது வர 1977 ஆயிற்று.

இரண்டு பக்கமும் கதவு அடைபட்டிருந்தது. 'இது உலகத்தின் சத்தம்' என்று ஆலயங்களில் தயங்கினார்கள். 'இதில் இயேசு அதிகம்' என்று உலகம் தயங்கியது. 1981இல் வந்த தொகுப்புக்கு, ஒருபோதும் தளராதே என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். அதிலிருந்த ஓர் அமைதியான பாடல் கிறிஸ்தவ வானொலிகளில் பரவியது. அந்த ஒரு பாடலின் வழியாக மற்றப் பாடல்களையும் மக்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

எதிர்ப்பு மட்டும் ஓயவில்லை. ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானின் செய்தி கேட்கும் என்ற பேச்சு அந்நாளில் அமெரிக்காவில் பெரிதாக இருந்தது. 1982இல் வந்த தொகுப்பில் பெட்ரா குழுவினர் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைப் பின்னோக்கிப் பதிவு செய்தார்கள். திருப்பிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது, ஆண்டவரைத் தேட வேண்டிய நேரத்தில் அலகையை ஏன் தேடுகிறீர்கள் என்ற கேள்வி! ஆனாலும் 1987இல் ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சிப் போதகர், கிறிஸ்தவ ராக் இசையை ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்று கண்டித்து ஒரு நூலே வெளியிட்டார்.

அதற்கு முன்பே குழுவுக்கு வேறொரு சோதனை வந்திருந்தது. முதன்மைப் பாடகர் கிரெக் வோல்ஸ் விலகினார். 1986இல் அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் ஷ்லிட். இவர் முன்பு 'ஹெட் ஈஸ்ட்' என்ற ராக் குழுவில் பாடிப் புகழ்பெற்றவர். மதுவும் கொக்கெய்னும் அவரை விழுங்கின. 1980இல் அந்தக் குழு அவரை வெளியேற்றியது. உடைந்துபோன அவர், மனைவியின் வழியாக ஆண்டவரிடம் வந்தார். மேடையை விட்டுவிட்டு, படித்த பொறியியலை வைத்துச் சுரங்கத் துறையில் வேலை பார்த்தார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பெட்ராவின் அழைப்பு வந்தது. பாடுவதற்கு முன் பாடகனின் வாழ்க்கை சீர்பட வேண்டியிருந்தது. மும்முறை மறுதலித்த பேதுருவை மீண்டும் அழைத்து, ஆடுகளை ஒப்படைத்த ஆண்டவரை இங்கே நாம் நினைத்துக்கொள்ளலாம்.

1989இல் மக்கள் கூடிப் பாடும் புகழ்ச்சிப் பாடல்களைத் தொகுத்தார்கள். சீடர்கள் மௌனமானால் கற்களே கூவும் என்று எருசலேம் வாயிலில் ஆண்டவர் சொன்னதை நினைவூட்டும் தலைப்பு அதற்கு. 1990இல் வந்த தொகுப்பு கிராமி விருது பெற்றது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நற்செய்தி இசைக்கான புகழ்மன்றத்தில் இடம் பெற்ற முதல் ராக் குழுவானார்கள். 2005 டிசம்பர் 31 இரவு, வட கரோலினாவின் மர்ஃபி என்ற சிற்றூரில் புத்தாண்டு பிறந்த வேளையில் அவர்களது விடைபெறும் கச்சேரி முடிந்தது.

அன்பானவர்களே, கச்சேரி வேறு, திருப்பலி வேறு. இதில் நமக்குக் குழப்பம் வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனைப் பெரிதும் மதிக்கிறது. மற்ற இசைக்கருவிகளும் புனிதப் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இருந்தால், ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்தினால், இறைமக்களின் பக்தியை வளர்த்தால், உரிய அனுமதியுடன் இடம் பெறலாம் என்கிறது. இன்று நம் பக்திக்குப் பழகிப்போன ஆர்மோனியமும் ஒருகாலத்தில் ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்ததுதானே!

நம் பங்குகளிலும் கிட்டாரோடும் டிரம்ஸோடும் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 'கோயிலா, கொட்டகையா?' என்று ஒரு வார்த்தையில் அவர்களை அனுப்பிவிட நமக்கு எளிது. போனவர்கள் திரும்பி வருவது எளிதல்ல. அவர்களை அருகில் அமர்த்தி, எந்தப் பாடல் திருப்பலிக்கு, எந்தப் பாடல் இளையோர் கூட்டத்துக்கு என்று சொல்லிக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் கடமை. இளையோரே, நீங்களும் ஒன்றை உங்களையே கேட்டுப் பாருங்கள்: பாட்டு முடிந்ததும் மக்கள் மனத்தில் நிற்பது உங்கள் விரல் வித்தையா, ஆண்டவரா?

மணல்மேல் கட்டிய வீட்டுக்கும் பாறைமேல் கட்டிய வீட்டுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. மழை வந்தபோதுதான் தெரிந்தது. பாடுகிற நம்மையும், கேட்கிற நம்மையும் கிறிஸ்து என்னும் பாறைமேல் நிலைநிறுத்த அவரிடமே மன்றாடுவோம். ஆமென்.