ஸ்ட்ரைக்கருக்கு விலை வந்த கதை

குறுவைக்கு மேட்டூர் திறக்கிற வழக்கமான மாதம் ஜூன். ஐரோப்பாவில் கால்பந்து வீரர்களை வாங்கி விற்கிற பருவம் தொடங்குவதும் அதே ஜூனில்தான். சீர்காழி டீக்கடையில் ஒரு பெஞ்சில் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பேச்சு நடக்கும். எதிர் பெஞ்சில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எந்த ஸ்ட்ரைக்கர் வருவான் என்று பேச்சு நடக்கும். “எடுத்துட்டானுவளாம்ல?” என்பான் ஒருவன். “இன்னும் கையெழுத்து ஆவல” என்பான் அடுத்தவன். நடுவே சென்னையின் எஃப்.சி.யும் வந்துபோகும். பக்கத்திலேயே வைத்தீஸ்வரன்கோயில் இருக்கிறது. நாடி ஜோதிடரிடம் போய் இதற்கும் ஓலை பார்க்க இன்னும் யாரும் கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சில் பையன்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது புரிகிறது. அவனுடைய பழைய கிளப்புக்குப் புதிய கிளப் எதற்காகக் கோடி கோடியாகக் கொட்ட வேண்டும்? அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர் வேறு ஆலைக்குப் போனால், புது முதலாளி பழைய முதலாளிக்குப் பணம் கட்டுவதில்லை. கால்பந்தில் மட்டும் இது எப்படி வந்தது?

பதிலின் நுனி நம் ஊர் மின்னொளிப் போட்டி நோட்டீஸிலேயே தொங்குகிறது. பரிசுத்தொகை, நன்கொடையாளர் பெயர்களுக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில் விதிமுறைகள் இருக்கும். ‘ஒரு அணிக்கு வெளியூர் வீரர்கள் இருவர் மட்டும். ஆதார் அட்டை அசல் கொண்டுவர வேண்டும். நடுவர் தீர்ப்பே இறுதியானது.’ அந்த வரி தானாக வந்து உட்காரவில்லை. எவனோ ஒருவன் முந்தைய வருடம் பணம் கொடுத்து வெளியூரிலிருந்து ஏழு பேரை இறக்கிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். ஊர்ப் பையன்கள் சண்டை பிடித்திருப்பார்கள். அதன் பிறகுதான் ஆதார்.

இங்கிலாந்தில் 1880களில் நடந்ததும் இதேதான். அங்கே கால்பந்தை ஆண்டவர்கள் கனவான்கள். காசுக்கு ஆடுவது இழுக்கு என்று நினைத்தவர்கள். வடக்கே லங்காஷயரில் பருத்தி ஆலை ஊர்களின் கிளப்புகளோ ஸ்காட்லாந்துக்காரர்களை அழைத்துவந்து, பேருக்கு ஆலையில் ஒரு வேலை போட்டுக்கொடுத்து, மறைவில் கூலி தந்துகொண்டிருந்தன. 1884-இல் எஃப்.ஏ. கோப்பையில் பிரெஸ்டன் கிளப் மீது லண்டனின் அப்டன் பார்க் கிளப் புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சடெல் மழுப்பவில்லை. ஆமாம், கொடுக்கிறோம், எல்லோரும்தான் கொடுக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். பிரெஸ்டனைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். வடக்கத்திக் கிளப்புகள் தனியாகப் பிரிந்துவிடுவோம் என்று மிரட்டின. 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ.) இறங்கி வந்து, காசுக்கு ஆடுவதை அனுமதித்தது.

அனுமதித்ததோடு இரண்டு கட்டுப்பாடும் போட்டது. கோப்பைப் போட்டியில் ஆடும் தொழில்முறை வீரன் கிளப்பின் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே இரண்டு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். அது அந்தக் காலத்து ஆதார். அந்த விதி நிலைக்கவில்லை. இரண்டாவது கட்டுப்பாடு நிலைத்தது: ஒவ்வொரு தொழில்முறை வீரனின் பெயரையும் வருடா வருடம் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பருவத்தில் ஒரு கிளப்பின் கீழ் பெயர் ஏறிவிட்டால், சங்கத்தின் அனுமதி இல்லாமல் அந்தப் பருவத்தில் வேறு கிளப்புக்கு ஆட முடியாது.

யார் எந்தக் கிளப் என்று தெரிந்தால் போதும் என்று ஆரம்பித்த ஒரு குமாஸ்தா வேலை அது. அதில் பணமே கிடையாது. பருவம் முடிந்ததும் வீரன் சுதந்திரப் பறவை. அதனால் ஒவ்வொரு கோடையிலும் கலாட்டாதான். ஸ்காட்லாந்தில் 1893 வரை தொழில்முறை ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே இங்கிலாந்துக் கிளப்புகளின் தரகர்கள் அங்கே திருட்டுத்தனமாக ஆள் பிடிக்கப் போவார்கள். உள்ளூர் ரசிகர்களிடம் மாட்டிக்கொண்டு அடி வாங்கிய தரகர்களும் உண்டு.

1888-இல் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து கால்பந்து லீக்கைத் தொடங்கின. வருடா வருடம் ஆளை இழப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1893–94 பருவத்திலிருந்து ஒரு புது விதி வந்தது: ஒருமுறை ஒரு கிளப்பில் பதிந்த வீரன், ஒப்பந்தம் முடிந்த பிறகும், அந்தக் கிளப் விடுவிக்காமல் லீக்கின் வேறெந்தக் கிளப்பிலும் ஆட முடியாது. கிளப் அவனுக்குச் சம்பளம் தராமல் இருக்கலாம், ஆட்டத்தில் சேர்க்காமலும் இருக்கலாம். பெயரை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளலாம்.

விலை பிறந்தது இந்த இடத்தில்தான். விடுவிக்க மறுக்கிற உரிமை ஒருவனுக்கு இருந்தால், விடுவிப்பதற்குக் காசு கேட்கிற உரிமையும் அவனுக்கு வந்துவிடுகிறது. ஆளை யாரும் விற்கவில்லை. பதிவேட்டில் இருக்கிற பெயரைத்தான் விற்றார்கள். 1893-இலேயே வெஸ்ட் பிராமிச் ஆல்பியனிலிருந்து வில்லி குரோவ்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். கைமாறியது 100 பவுண்டு. நூறைத் தொட்ட முதல் டிரான்ஸ்ஃபர் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஊரைப் பேச வைத்தது அதுவல்ல. 1905 பிப்ரவரியில் நடந்தது.

மிடில்ஸ்பரோ, வடகிழக்கு இங்கிலாந்தில் இரும்பு ஆலை ஊர். 1903-இல் அயர்சம் பார்க் என்று புது மைதானம் கட்டியிருந்தார்கள். 1904–05 பருவத்தில் அணி மேல் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்தது. வெளியூர் மைதானத்தில் ஓர் ஆட்டம் ஜெயித்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் புது மைதானத்துக்குக் கூட்டம் வராது. கூட்டம் இல்லை என்றால் கடன் அடையாது. கோல் அடிக்க ஓர் ஆள் வேண்டும், உடனே வேண்டும். பக்கத்து ஊரான சண்டர்லாந்தில் ஆல்ஃப் காமன் இருந்தார். கட்டையான, பருத்த உடம்பு. தடுக்க வருகிறவனைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போகிற ரகம். முந்தைய வருடம்தான் ஷெஃபீல்டு யுனைடெட்டிடமிருந்து அவரை வாங்கச் சண்டர்லாந்து சில நூறு பவுண்டு கொடுத்திருந்தது. இப்போது அது கேட்ட விலை 1,000 பவுண்டு. மிடில்ஸ்பரோ கொடுத்துவிட்டது.

அந்தத் தொகையின் கனத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் எண் வேண்டும். 1901 முதல் ஒரு வீரனுக்கு வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று சங்கம் உச்சவரம்பு வைத்திருந்தது. அதாவது காமனின் பெயருக்குக் கொடுத்த விலை, காமன் சட்டப்படி வாங்கக்கூடிய அதிகபட்சச் சம்பளத்தில் 250 வாரக் கூலி. ஏறத்தாழ ஐந்து வருடம். அந்த ஆயிரம் முழுவதும் சண்டர்லாந்து கிளப்புக்குப் போன பணம். உழைக்கிற ஆளுக்கு உச்சவரம்பு. அவன் பெயரை வைத்திருக்கிறவனுக்கு வரம்பே இல்லை! கண்டனம் எழுதிய பத்திரிகைகளில் பல, மனிதனை விற்கிறார்களே என்றுதான் குமுறின. இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இன்னும் நன்றாகக் குமுறியிருக்கலாம்.

காமன் முதல் ஆட்டத்தை ஆடியது 1905 பிப்ரவரி 25, எங்கே என்றால் அவருடைய பழைய ஊரான ஷெஃபீல்டில். மிடில்ஸ்பரோ 1–0 என்று வென்றது. அந்த ஒரு கோலும் காமன் அடித்த பெனால்டி. இரண்டு வருட வெளியூர்ச் சாபம் அன்றோடு தீர்ந்தது. பருவம் முடிவில் அணியும் தப்பியது. அந்தப் பெனால்டி வெளியே போயிருந்தால், ஸ்ட்ரைக்கருக்கு வாரிக் கொடுக்கிற வழக்கம் கொஞ்ச காலம் தள்ளிப்போயிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. காசு கொடுத்தோம், கோல் வந்தது, பிழைத்தோம் என்று எல்லாக் கிளப்புகளும் பார்த்துவிட்டன. 1908-இல் டிரான்ஸ்ஃபருக்கு 350 பவுண்டு உச்சவரம்பு என்று சங்கம் விதி போட்டுப் பார்த்தது. சில மாதத்தில் கைவிட்டது. 1928-இல் ஆர்சனல், போல்ட்டனிலிருந்து டேவிட் ஜாக்கை வாங்கியபோது தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

விலை வந்ததும் கூடவே வதந்தியும் வந்தது. பேரம் என்றால் மறைவு வேண்டும். மறைவு இருந்தால் ஊர் ஊகிக்கும். விற்கிறவன் விலையேற்ற ஒரு செய்தியைக் கசியவிடுவான், வாங்குகிறவன் விலையிறக்க இன்னொன்று. இன்றைக்கு வீரனின் ஏஜென்ட் என்று மூன்றாவது வாயும் சேர்ந்திருக்கிறது. டீக்கடைக்கு வந்து சேர்கிற செய்தியில் பாதி இந்த மூவரில் ஒருவர் விரும்பிச் சொன்னது.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி போனது. கொல்கத்தாவில் பதிவேடு இருந்தது, விலை இல்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் வீரர்கள் வெகுகாலம் பேருக்கு அமெச்சூர்கள். ரயில்வே, சுங்கம், வங்கி என்று எங்காவது வேலை பார்த்தவர்கள். வருடத்துக்கு ஒருமுறை, குறித்த நாட்களில், அங்கே கால்பந்தை நடத்திய ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து, இந்தப் பருவம் இந்தக் கிளப் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கையெழுத்து விழுகிற நிமிடம் வரை யாருக்கும் யாரும் சொந்தமில்லை. விலை கொடுத்துப் பெயரை வாங்க வழியில்லாததால் ஆளையே தூக்கினார்கள். கையெழுத்து நாட்களுக்கு முன்னால் நல்ல ஸ்ட்ரைக்கர் வீட்டில் இருக்க மாட்டான். எதிர்க் கிளப் கண்ணில் படாதபடி ஹோட்டல் அறையிலோ, நிர்வாகி ஒருவரின் சொந்தக்காரர் வீட்டிலோ வைத்திருப்பார்கள். சாப்பாடு, சினிமா எல்லாம் உண்டு. வெளியே போக மட்டும் முடியாது.

தெற்கத்தி ஆட்டக்காரர்களுக்கு அந்த நகரம் கொடுத்த இடம் பெரிது. ஈஸ்ட் பெங்காலின் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடப்பட்ட தன்ராஜ், அப்பாராவ், சாலே, வெங்கடேஷ், அகமது கான் ஐவரும் தென்னிந்தியர்கள். அந்தக் கிளப்பின் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா ஆள் பிடிப்பதில் மன்னன். செகந்திராபாத் பக்கம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் 1957-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1961-இல் கேப்டனாக லீக் பட்டத்தையும் வாங்கிக்கொடுத்தார். குஹாவிடமும் மசியாதவர் ஒருவர் இருந்தார். மோகன் பகானின் சுனி கோஸ்வாமிக்கு அவர் ஃபியட் கார் தருவதாகச் சொன்னாராம். கோஸ்வாமி ஆடிய காலம் முழுக்க ஒரே கிளப்பில் இருந்துவிட்டார். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் 1997–98 தேசிய லீக்கில் 10 கோல் அடித்து முதலிடம் பிடித்ததும் ஈஸ்ட் பெங்கால் சட்டையில்தான்.

பெயரைப் பிடித்துவைக்கிற அந்த இங்கிலாந்து விதியை உடைத்தது ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர். நியூகாசில் விட மறுத்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தக்கை விற்கிற வேலைக்குப் போனார். 1960-இல் ஆர்சனலுக்குப் போக விடுதலை கிடைத்த பிறகும் வழக்கை விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்துவைப்பது நியாயமற்ற தொழில் தடை என்று 1963-இல் தீர்ப்பு வாங்கினார். ஐரோப்பா முழுமைக்கும் அதை முடித்துவைத்தது பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மான் வழக்கு. 1995 டிசம்பர் 15-ஆம் தேதி வந்த தீர்ப்பின்படி, ஒப்பந்தம் முடிந்த வீரனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக்குப் போக விலை கிடையாது. 2002–03 பருவத்தில் ஃபிஃபா எல்லா நாடுகளுக்கும் வருடத்தில் இரண்டு ‘விண்டோ’, அதாவது புது வீரர்களைப் பதிவு செய்கிற காலம், என்று கட்டாயமாக்கியது. வருடம் முழுக்கப் பரவிக் கிடந்த வதந்தி அந்தச் சில வாரங்களுக்குள் வந்து நெரிகிறது.

ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விலை இல்லை என்பதன் பலனைச் சென்னை எப்படி அனுபவித்தது என்று பாருங்கள். 2019–20 ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் எஃப்.சி. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக, கூடுதல் நேரத்தில்தான் முதல் கோலே வந்தது. வெற்றிக் கோலை அடித்தவர் லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ். பயிற்சியாளர் மாறினார், ஓவன் காயில் வந்தார். கடைசி வரிசையில் கிடந்த அணி இறுதிப் போட்டி வரை போய், கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில் ஏ.டி.கே.விடம் 3–1 என்று தோற்றது. வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார்.

ஒப்பந்தம் முடிந்ததும் காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், பின்னாலேயே வால்ஸ்கிஸும். நவம்பரில் இரு அணிகளும் மோதியபோது சென்னை 2–1 என்று ஜெயித்தது. ஜாம்ஷெட்பூரின் அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் அடித்ததுதான். சென்னை புதிதாகக் கொண்டுவந்த ஸ்ட்ரைக்கர்களால் அந்த இடம் நிரம்பவில்லை. 2020–21-இல் 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா. அடுத்த பருவமும் 20 ஆட்டத்தில் 17 கோல்தான். அதன் நடுவே, 2022 ஜனவரி விண்டோவில், வால்ஸ்கிஸையே திரும்ப அழைத்துவந்தார்கள்.

ஆகவே டீக்கடைப் பையன்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கர் பெயர் அடிபட்டால் எத்தனை கோடி என்று முதலில் கேட்காதீர்கள். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். ஃபிஃபா விதிப்படி கடைசி ஆறு மாதத்தில் அவன் வேறு கிளப்போடு கையெழுத்தே போட்டுவைக்கலாம். அதற்கு மேல் காலம் பாக்கி இருந்தால்தான் விலைப் பேச்சு.