வேண்டாத சார்புகள்: ஜிம்ப் செருகுநிரல்களின் வரலாற்றில் ஒரு பகுதி

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1996இல் ஜிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டபோது, அதன் சாளரங்களும் பொத்தான்களும் மோட்டிஃப் என்னும் கட்டண நிரலகத்தை நம்பியிருந்தன. நிரலகம் என்பது பல மென்பொருள்கள் பொதுவில் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுதி. மோட்டிஃபுக்கு உரிமம் வாங்காதவர், ஜிம்பின் மூலநிரல் கைக்கு வந்த பின்னும் அதைத் தம் கணினியில் தொகுத்துக்கொள்ள இயலவில்லை. அந்தச் சார்பை அறுப்பதற்காக மாட்டிஸ் எழுதத் தொடங்கிய ஜிடிகே, 1997இல் தொடங்கப்பட்ட க்னோம் மேசைத்தளத்துக்கும் அடித்தளமாகி, காலப்போக்கில் எண்ணற்ற மென்பொருள்களின் சார்பாகத் தானே மாறிற்று.

ஜிம்பின் வடிகட்டிகளும் கோப்பு வாசிப்பான்களும் பெரும்பாலும் செருகுநிரல்கள், அதாவது மைய நிரலோடு ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனியாக இயங்கி, அதனோடு குழாய்வழிச் செய்தி பரிமாறிக்கொள்ளும் சிறு நிரல்கள். ஒரு செருகுநிரல் முறிந்தாலும் திறந்திருக்கும் படம் பிழைக்கும் என்பது இவ்வமைப்பின் பெரும் நன்மை. அதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு செருகுநிரலும் தொடங்கும்போது தனக்குரிய நிரலகங்கள் அனைத்தையும் புதிதாக நினைவகத்தில் ஏற்றியாக வேண்டும். புதிதாக நிறுவப்பட்ட ஜிம்ப் முதன்முறை திறக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட செருகுநிரல்களை ஒவ்வொன்றாக இயக்கி, அவை என்ன செய்யவல்லவை என்று கேட்டு, விடைகளை ஒரு கோப்பில் பதிந்துகொள்கிறது. ஒவ்வொன்றும் தேவையற்ற நான்கைந்து நிரலகங்களையும் சுமந்து வந்தால், அந்தத் தாமதம் நூறு மடங்காகப் பெருகும்.

இத்தேவையற்ற சுமையைச் செருகுநிரலை எழுதியவர் கேட்டுப் பெறவில்லை. அவருக்காகப் பேசிய கருவிகளே அதை ஏற்றின. தொண்ணூறுகளின் இறுதியில் ஜிடிகே-கான்ஃபிக் என்னும் சிறுகருவி, எந்தெந்த நிரலகங்களோடு இணைக்க வேண்டும் என்ற பட்டியலைத் தந்தது. ஜிடிகேவை மட்டும் நேரடியாக அழைக்கும் நிரலுக்கும் எக்ஸ் சாளர அமைப்பின் நிரலகங்கள், கணித நிரலகம் என அது நீண்ட வரிசையொன்றையே நீட்டியது. ஜிம்போடு வரும் ஜிம்ப்டூல் இவ்வகையில் சற்றுச் சிக்கனமானது: உரையாடல் பெட்டி எதுவும் காட்டாத செருகுநிரலுக்கு ஜிடிகே வேண்டாம் என்று சொல்லத் தனி விருப்பத்தை அது வைத்திருக்கிறது. ஆனால் பலர் அதை நாடாமல், முன்பிருந்த கட்டளை வரியை அப்படியே படியெடுத்துக்கொண்டனர்.

லிப்டூல் என்னும் கருவி இச்சிக்கலை மேலும் ஆழமாக்கியது. நிரலகத்தின் பக்கத்தில் அது வைத்துச்செல்லும் குறிப்புக் கோப்பு, அந்நிரலகத்தின் சார்புகளையும், அச்சார்புகளின் சார்புகளையும் பெயர்சொல்லிப் பதிந்திருந்தது. 2010இல் பிஎன்ஜி படக்கோப்புகளுக்கான நிரலகம் 1.2இலிருந்து 1.4க்கு மாறியபோது, மென்பொருள்களை அவரவர் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸ் பயனர்களிடம், பிஎன்ஜியை நேரடியாகத் தொடாத மென்பொருள்களின் தொகுப்பும் மறைந்துபோன பழைய கோப்பைத் தேடி நின்றது.

இதற்கு மாற்று இணைப்பியிடமே இருந்தது. தொகுப்பி தந்த துண்டுகளையும் நிரலகங்களையும் சேர்த்து இறுதி நிரலாக்குவது இணைப்பி. 'தேவைக்கு மட்டும்' என்ற விருப்பத்தை அதற்குக் கொடுத்தால், பட்டியலிலுள்ள நிரலகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஏதேனும் ஒரு பெயராவது உண்மையில் அழைக்கப்படுகிறதா என்று பார்த்து, அழைக்கப்படாதவற்றை இறுதிக் கோப்பில் பதியாமல் விட்டுவிடும். ரீட்எல்ஃப் என்னும் கருவி காட்டும் 'தேவை' வரிகளை எண்ணினால் வேறுபாடு தெரியும். எல்டிடி என்னும் மற்றொரு கருவி காட்டும் பட்டியல் சார்பின் சார்புகளையும் சேர்த்தே தருவதால், அதைக் கொண்டு குற்றம் சாட்டுவது பிழையாகவே முடியும். உபுண்டு லினக்ஸ் 'தேவைக்கு மட்டும்' விருப்பத்தை 2011இன் 11.10 பதிப்பில் இயல்பாக்கியபோது எழுந்த எதிர்ப்பிலும் நியாயம் இருந்தது: கட்டளையில் நிரலகத்தின் பெயர் அதை அழைக்கும் கோப்புக்கு முன்னால் வந்தால் தேவையானதே கழித்துக் கட்டப்படும், ஏற்றப்பட்ட மாத்திரத்தில் தன்னைப் பதிவுசெய்துகொள்வதற்காக மட்டும் இணைக்கப்படும் நிரலகத்தின் பயனை இணைப்பி அறியவும் வழியில்லை. டெபியன் லினக்ஸ் தன் பொதியாக்கக் கருவி வழியே எச்சரிக்க மட்டும் செய்தது. அங்கே ஒரு வீண் 'தேவை' வரி, பயனர் தரவிறக்க வேண்டிய முழுப் பொதியாகவே மாறிவிடக்கூடும் என்பதால், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வரை அதன் விளைவு எட்டும்.

2025இல் வெளிவந்த ஜிம்ப் 3.0, லிப்டூலை உள்ளடக்கிய பழைய தொகுப்பு முறையைக் கைவிட்டு மீசன் என்னும் முறைக்கு மாறியது. மீசனில் 'தேவைக்கு மட்டும்' என்பதே இயல்புநிலை. அதே பதிப்பில் பைத்தான் செருகுநிரல்கள் இணைப்பு என்ற படியே இல்லாமல், இயங்கும்போதே நிரலகங்களைத் தேடிக்கொள்கின்றன. ஆகவே சீ மொழியில் எழுதுபவர் தொகுக்கும்போதே காணும், நிரலகம் இல்லை என்ற குறையைப் பைத்தான் செருகுநிரலில் முதலில் காண்பவர், அதை இயக்கிப் பார்க்கும் பயனரே.